மழை கேட்ட முனிவரும் தை மாதத்துப் புதிரும்



மார்கழி மழையில் வான் பாய்ந்த குளங்கள் அடங்கி, காலபோக வயல்கள் பழுக்கத் தொடங்கும் காலம் தை மாதம். இரணைமடுவின் கீழும், வவுனிக்குளத்தின் கீழும், முத்தையன்கட்டின் கீழும் வயல் செய்யும் குடும்பங்களுக்கு இம்மாதத்தின் அமளியைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. அருவி வெட்டுக்கு ஆள் பிடிப்பதா, இயந்திரம் பிடிப்பதா? கடன்காரன் வருமுன் நெல்லை ஈரத்தோடே விற்பதா? புதிர் எடுக்க ஒரு மூலையாவது முற்றியிருக்குமா? இவ்வாறு தலை சுற்றும் வேளையில், பொங்கல் கழிந்து ஓரிரு நாளில், ஜனவரி 16ஆம் திகதி, புனித யோசேவாஸ் முனிவரின் திருநாள் வந்து போகின்றது. நெல் வேலையில் பலருக்கு மறந்தே போய்விடும். ஆயினும் வயற்காரருக்கு இவரைவிட நெருங்கிய புனிதர் நம் நாட்டில் இல்லை என்பேன். ஏனென்று கேட்பீர்கள்.

அவர் வயல் உழுதவரல்லர். 1651ஆம் ஆண்டு சித்திரை 21ஆம் திகதி கோவாவிலுள்ள பெனோலிம் என்னும் ஊரில் பிறந்தார். 1676இல் குருப்பட்டம் பெற்றார். இலங்கையிலே ஒல்லாந்தர் ஆட்சியில் கத்தோலிக்க மக்கள் குருவானவர் ஒருவருமின்றித் தவிக்கிறார்கள் என்ற செய்தி அவரை இருக்கவிடவில்லை. 1658இல் யாழ்ப்பாணம் ஒல்லாந்தர் கையில் வீழ்ந்த பின், ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் இங்கே பூசையில்லை, பாவசங்கீர்த்தனமில்லை. பிள்ளைகளுக்குச் செபம் சொல்லிக்கொடுத்துப் பெற்றோரே விசுவாசத்தைக் காத்தார்கள். மாந்தையில் இருந்தோர் தேவமாதாவின் சுருபத்தைத் தூக்கிக்கொண்டு வன்னிக் காட்டுக்குள் ஓடி மருதமடுவில் தங்கியதும் இக்காலத்திலேதான். 1670 அளவில் என்பது வழிவழி வந்த செய்தி.

1687இல் தூத்துக்குடியிலிருந்து கூலியாள் வேடத்தில் தோணியேறி வந்தார் யோசேவாஸ். நோயும் பசியும் அவரை வாட்டின. கழுத்தில் செபமாலையைப் போட்டுக்கொண்டு, பிச்சைக்காரனைப்போல் வீடு வீடாகப் போனார். அந்த மாலையைக் கண்டு யாருடைய முகம் மாறுகின்றதோ அவர்களே தம்மவர் என்று அறிந்துகொண்டார். சில்லாலையிலே மக்கள் அவரை மறைத்து வைத்தார்கள். 1689ஆம் ஆண்டு கிறிஸ்மஸ் வேளையில் ஒல்லாந்தர் வீடுகளை வளைத்து, பூசைக்குக் கூடியவர்களைப் பிடித்துச் சென்றனர். குருவானவர் மட்டும் அகப்படவில்லை. அதன் பின் புத்தளம் சென்று, 1692இல் கண்டிக்குப் போனார். அங்கே போர்த்துக்கேய ஒற்றன் என்ற பழியைக் கேட்டு, மன்னன் இரண்டாம் விமலதர்மசூரியன் அவரைச் சிறையிலிட்டான்.

சிறையிருந்த நாட்களை அவர் வீணாக்கவில்லை. சிங்களம் படித்தார். காவல் சற்றே தளர்ந்ததும் ஒரு சிறு குடிலை எழுப்பி, அதிலே பலிபூசை ஒப்புக்கொடுத்தார்.

அப்போதுதான் பெரும் வறட்சி வந்தது. வன்னியில் வாழும் உங்களுக்கு இதை விவரிக்கத் தேவையில்லை. குளம் வெடித்து, மாடு மெலிந்து, விதைநெல்லில் கை வைக்கும் நாள் எப்படியிருக்கும் என்று வீட்டிலுள்ள முதியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். மன்னன் செய்வித்த வேண்டுதல்கள் எல்லாம் முடிந்தும் வானம் திறக்கவில்லை. இறுதியில் அந்தச் செபமாலைக்காரக் கைதியிடம் ஆள் வந்தது. அவர் மக்கள் கூடும் வெளியிலே ஒரு பீடம் அமைத்து, அதன்மேல் சிலுவையை நாட்டி முழந்தாளிட்டார். மழை கொட்டியது. அவரும் பீடமும் மட்டும் நனையவில்லை என்று அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். நனையாத கதையை விடுங்கள். அவர் கேட்ட மழை யாருடைய வயலில் விழுந்தது? தம்மைப் பூட்டி வைத்தவர்களின் வயலில். அவருக்கென்று ஒரு பாத்திகூட அந்நாட்டில் இல்லை. மன்னன் தன் நன்றியாகக் கொடுத்தது, இராச்சியமெங்கும் தடையின்றிப் போதிக்கும் உரிமை. அதை அவர் கால்நடையாகவே செலவிட்டார். 1697இல் கண்டியிலே அம்மை நோய் பரவியபோது, சொந்தக்காரரே விட்டு ஓடிய நோயாளரைத் தூக்கி, கழுவி, கஞ்சி ஊட்டி, இறந்தோரை அடக்கம் செய்தார். சமயம் பார்த்துச் செய்யவில்லை.

புதிர் நெல்லைக் கோவிலுக்குக் கொண்டுபோகும்போது ஒன்றை நினைத்துப் பாருங்கள். பழைய ஏற்பாட்டிலே, முதற்பலனைக் கூடையில் சுமந்து வரும் இஸ்ராயேல் விவசாயி, கூடையை வைத்தவுடன் வாயை மூடிக்கொள்வதில்லை. தன் முன்னோர் அலைந்து திரிந்ததையும், எகிப்திலே அடிமையாய் வருந்தியதையும், கடவுள் மீட்டதையும் பீடத்தின் முன் சொல்லவேண்டும் என்பது சட்டம். பட்ட துன்பத்தைச் சொல்லாமல் முதற்பலன் காணிக்கை அவர்களிடம் நிறைவு பெறவில்லை.

நம்மிடமும் சொல்ல ஒரு கதை இருக்கிறது. 2009ஆம் ஆண்டு தை மாதத்திலே வன்னிச் சனங்கள் முற்றும் வயலை அப்படியே விட்டு, பிள்ளைகளையும் மூட்டைகளையும் சுமந்து புதுக்குடியிருப்புப் பக்கமாகவும் கடற்கரைப் பக்கமாகவும் நடந்தார்கள். அந்த ஆண்டு புதிர் இல்லை. போனவர்களில் எத்தனையோ பேர் திரும்பவுமில்லை. மீள்குடியேறி, பற்றை பிடித்த வரம்பை மறுபடி வெட்டி, முதல் நெல்லைக் கண்ட அன்று ஒரு கையால் கண்ணீரைத் துடைத்து மறு கையால் பொங்கற் பானையைத் தூக்கிய தாய்மார் நம் பங்குகளில் இன்றும் இருக்கிறார்கள். அவர்களிடம் போய், கடவுளுக்கு நன்றி சொல்லுங்கள் என்று உபதேசம் பண்ண எனக்கு வாய் வராது. அவர்கள் அன்று சொன்ன நன்றியை என்னால் எடை போடவும் முடியாது. அதை அவர்கள் பிள்ளைகளுக்குக் கதையாகச் சொல்லவேண்டும் என்று மட்டும் கேட்பேன். புதிர்ச் சோறு பரிமாறும் வேளை அதற்கு நல்ல வேளை.

முனிவரின் முடிவு எளியது. ஏறத்தாழ பத்து ஆண்டுகள் தனியொருவராக உழைத்த பின்னரே கோவாவிலிருந்து வேறு குருக்கள் வந்து சேர்ந்தார்கள். 1705இல் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள் தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் எழுதி அந்த விதைப்பை வளர்த்தார். நடந்து தேய்ந்த உடலோடு 1711ஆம் ஆண்டு ஜனவரி 16ஆம் திகதி கண்டியிலே யோசேவாஸ் கண் மூடினார். அவர் கல்லறை இருந்த இடம் இன்று அடையாளமின்றி மறைந்துவிட்டது.

1995இல் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் கொழும்பிலே அவருக்கு முத்திப்பேறு பட்டம் அளித்தார். 2015ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் திகதி காலை, காலிமுகத்திடலிலே திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதர் என்று அறிவித்தார். அன்று பிற்பகலே ஹெலிகொப்டரில் மடுவுக்கு வந்தார். மாந்தையிலிருந்து ஓடிவந்தது மட்டுமன்றி, 2008இலும் போருக்கு அஞ்சித் தேவன்பிட்டிவரை போய்த் திரும்பிய அதே மடுமாதாவின் முன்னே, வன்னியின் நாலா பக்கமிருந்தும் வந்த சனங்கள் அவரோடு சேர்ந்து செபித்தார்கள். வந்தவர்களில் பலர் இரவோடிரவாக வீடு திரும்பினார்கள். மறுநாள் தைப்பொங்கல்.