மீனவர்க்குக் கணக்குக் கற்பித்த குருவானவர்

கனடா நாட்டின் கிழக்குக் கரையில் நோவா ஸ்கோஷியா என்றொரு மாநிலம் உண்டு. அதன் வடபகுதியான கேப் பிரட்டன் தீவில், மார்கரி என்னும் பள்ளத்தாக்கில், 1882-ஆம் ஆண்டு சனவரி 3-ஆம் நாள் மோசஸ் மைக்கேல் கோடி பிறந்தார். கோடி என்பது அவரது குடும்பப் பெயர். பெயரில்தான் கோடியே தவிர, அவர் வாழ்நாளெல்லாம் பேசியது ஐந்து காசு, பத்துக் காசு சேமிப்பைப் பற்றித்தான்.

அயர்லாந்திலிருந்து குடியேறிய கத்தோலிக்க விவசாயக் குடும்பம் அது. வீடு நிறையப் பிள்ளைகள். பண்ணை வேலைகளுக்கு நடுவே படித்து முன்னேறிய மோசஸ், 1905-இல் அன்டிகொனிஷ் நகரத்துப் புனித சவேரியார் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். பின் ரோமாபுரிக்குச் சென்று 1910-இல் குருப்பட்டம் பெற்றுத் திரும்பி, அதே பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானார். முத்துக்குளித்துறை மீனவரிடையே உழைத்த சவேரியாரை நாம் நன்கு அறிவோம். அவர் பெயர் தாங்கிய ஒரு கல்விக்கூடம், கடல்களுக்கு அப்பால் வேறு மீனவர்களுக்குக் கை கொடுக்கப் போகிறது என்று அன்று யார் நினைத்திருப்பார்கள்!

அந்நாளைய நோவா ஸ்கோஷியா மீனவரின் நிலை நம் கடற்கரை ஊர்களைப் பார்த்தவர்களுக்கு எளிதில் விளங்கும். மீனுக்கு விலை வைப்பவர் வியாபாரி. வலையும் கயிறும் உப்பும் மாவும் கடனுக்குக் கொடுப்பவரும் அவரே. ஆண்டு முடிவில் கணக்குப் பார்த்தால் மீனவனுக்கு மிஞ்சுவது பழைய கடன்தான். அந்தக் கணக்குப் புத்தகமும் வியாபாரியிடமே இருந்தது. இளைஞர்கள் ஊரை விட்டுப் பாஸ்டன் நகரத்துக்குப் பிழைக்கப் போனார்கள்.

1927 சூலை முதல் நாள் கனடா கூட்டாட்சியின் அறுபதாம் ஆண்டு விழா. கான்சோ என்ற ஊரின் மீனவர்களோ, கொண்டாட எங்களுக்கு என்ன இருக்கிறது என்று கேட்டுக் கூட்டம் கூடினார்கள். அவ்வூர்ப் பங்குத் தந்தை ஜிம்மி டாம்கின்ஸ், கோடிக்கு உறவினர். ஏழைகளுக்கும் உயர்ந்த அறிவு சென்று சேர வேண்டும் என்று பல ஆண்டுகளாகப் போராடி வந்தவர். அக்கூட்டத்தின் குரல் தலைநகர் வரை எட்டியது. அரசு ஒரு விசாரணைக் குழுவை அமைத்தது; கோடி அதன் முன் சென்று மீனவர் சார்பில் சாட்சி சொன்னார். மறு ஆண்டே பல்கலைக்கழகம் ஊர்மக்களுக்கான கல்விப் பிரிவைத் தொடங்கி, அதற்கு அவரை இயக்குநராக்கியது. அடுத்து அரசாங்கமே மீனவர்களை ஒன்றுசேர்க்கும் பொறுப்பை அவரிடம் ஒப்படைத்தது. பனியிலும் குளிரிலும் ஊர் ஊராகச் சுற்றினார். ஆஜானுபாகுவான உருவம், அரங்கமே அதிரும் குரல். 1930-இல் ஹாலிபாக்ஸ் நகரில் மீனவர்களின் கூட்டுச் சங்கம் பிறந்தது.

அவருடைய முறை எளியது. முதலில் ஊர்ப் பொதுக்கூட்டம். அங்கே எல்லாரையும் உசுப்பிவிடுவார். பிறகு பத்துப் பேர் அளவில் சிறு குழுக்களாகப் பிரிந்து, யாராவது ஒருவர் வீட்டு அடுக்களையில் வாரந்தோறும் கூடுவார்கள். அன்டிகொனிஷிலிருந்து வரும் சிறு நூல்களைப் படித்து, நம் மீனுக்கு ஏன் இந்த விலை, நம் கடனுக்கு ஏன் இவ்வளவு வட்டி என்று விவாதிப்பார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குத் தெரிந்தவர்கள் வாசித்துக் காட்டினார்கள். கத்தோலிக்கர், புராட்டஸ்டண்டார் என்ற வேறுபாடு அங்கே கிடையாது. 1930-களின் இறுதியில் இத்தகைய படிப்புக் குழுக்கள் ஆயிரத்துக்கும் மேலிருந்தன.

குழுவில் பேசிய பேச்சு செயலாக வேண்டுமானால் பணம் வேண்டும். வங்கியோ மீனவனை வாசலிலேயே நிறுத்திவிடும். ஆகவே மக்களே தமக்கென ஒரு வங்கி வைத்துக்கொள்ளும் முறையை கோடி கையில் எடுத்தார். நம் பெற்றோரில் பலர் அங்கத்தினராக இருக்கும் கூட்டுறவு சிக்கன நாணயச் சங்கம் போன்றதே அது. ஒரே ஊரார் அல்லது ஒரே தொழிலார் சிறுகச் சிறுகச் சேமிப்பார்கள்; அந்தப் பணம் அவர்களுக்குள்ளேயே குறைந்த வட்டிக்குக் கடனாகச் சுற்றும். பங்கு எத்தனை வைத்திருந்தாலும் ஆளுக்கு ஒரே ஓட்டு. இதற்கான சட்டம் 1932-இல் நோவா ஸ்கோஷியாவில் நிறைவேறியது. வழிகாட்ட அமெரிக்காவிலிருந்து ராய் பெர்கன்கிரென் என்பவர் வந்தார். அவரை இப்பணியில் ஈடுபடுத்தியவர் எட்வர்ட் பைலின் என்ற பாஸ்டன் நகரத்து வணிகர். அந்தப் பைலினுக்கு இதில் ஆர்வம் பிறந்தது எங்கே தெரியுமா? 1907-இல் நம் இந்தியாவுக்கு வந்து, வங்காளத்துக் கிராமங்களில் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கண்டபோதுதான்! இதைப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட பெருமிதத்தை மறைக்க விரும்பவில்லை.

ஆனால் சங்கம் தொடங்குவது சுலபம், நடத்துவதுதான் கடினம். கேட்டவர்க்கெல்லாம் கடன் கொடுத்தால் சங்கம் மூழ்கும். உறவினர்க்கு மட்டும் கொடுத்தால் ஊர் இரண்டுபடும். பொருளாளருக்குப் பேரேடு எழுதத் தெரிய வேண்டும். தலைவருக்குக் கூட்டம் நடத்தத் தெரிய வேண்டும். கடன் குழுவுக்கு அண்டைவீட்டாரிடமும் முடியாது என்று சொல்லும் துணிவு வேண்டும். படித்த பேராசிரியர்கள் வந்து பெட்டிச் சாவியை வைத்துக்கொண்டால் என்ன? அப்படிச் செய்தால் பழைய வியாபாரியின் இடத்தில் புது எசமான் வந்ததாகிவிடும் என்பது கோடியின் உறுதியான எண்ணம். ஆதலால் 1933 முதல் குழுக்களிலிருந்து பொறுக்கியெடுத்த ஆட்களை அன்டிகொனிஷுக்கு வரவழைத்துச் சில வாரத் தலைமைப் பயிற்சி அளித்தார்கள். மீனவரும் விவசாயியும் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியும் ஒரே வகுப்பில் அமர்ந்து கணக்கு வைப்பதையும் மேடையில் பேசுவதையும் கூட்டுறவு நடைமுறைகளையும் கற்றார்கள். பயிற்சி முடிந்ததும் தம் ஊருக்கே திரும்பினார்கள். அவர்கள் திரும்பி வந்த ஊர்களில்தான் சங்கங்கள் வேரூன்றின. என் கருத்தில், அவர் செய்த மற்ற எல்லாவற்றையும்விட இதுவே பெரியது.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக மனமில்லை. கோடியைப் பற்றி எழுதுவோர் சில வரிகளில் கடந்துவிடும் பெண்கள் இருக்கிறார்கள். புனித மார்த்தா சபைக் கன்னியர் அந்தக் கல்விப் பிரிவின் அலுவலகத்திலும் நூலகத்திலும் உழைத்தார்கள். சிஸ்டர் மேரி மைக்கேல் பெண்களுக்கான படிப்புக் குழுக்களை வளர்த்தார். ஐடா காலன்ட் என்ற ஆசிரியை சுரங்கத் தொழிலாளரின் மனைவியரிடையே பணி செய்தார். வீட்டில் காசை எண்ணிச் செலவு செய்கிறவள் பெண்தானே? அவள் சேமிக்காமல் எந்தச் சங்கம் நிலைக்கும்?

கோடியின் கனவெல்லாம் பலித்துவிடவில்லை. கூட்டுறவினால் நாட்டின் பொருளாதாரமே மாறிவிடும் என்று நம்பினார், அப்படி நடக்கவில்லை. இரண்டாம் உலகப் போருக்குப்பின் படிப்புக் குழுக்கள் குறைந்தன. அவர் அலைந்து திரிந்து அமைத்த மீனவர் சங்கமும் 1980-களில் நொடித்துப் போயிற்று. சிக்கன நாணயச் சங்கங்கள் மட்டும் தாக்குப்பிடித்தன.

இதற்கிடையில் அவர் 1939-இல் எழுதிய நூல் பல மொழிகளில் பெயர்க்கப்பட்டு அவர் அறியாத நாடுகளுக்கெல்லாம் போய்ச் சேர்ந்திருந்தது. அதைப் படித்தவர்கள் அன்டிகொனிஷைத் தேடி வரலானார்கள். குருக்கள், கன்னியர், அரசு அலுவலர், சங்கப் பணியாளர் என்று ஆசியாவிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் தென் அமெரிக்காவிலிருந்தும் வந்தார்கள். உடல்நலம் குன்றிய கோடி 1952-இல் இயக்குநர் பொறுப்பிலிருந்து விலகினார். 1959 சூலை 28-ஆம் நாள், தம் எழுபத்தேழாம் வயதில், அன்டிகொனிஷில் காலமானார்.

அவ்வாண்டு முடிவதற்குள் அவர் பெயரால் கோடி அனைத்துலக நிறுவனம் அதே ஊரில் நிறுவப்பட்டது. நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து கடன் சங்கங்களையும் கூட்டுறவுகளையும் நடத்துவோர் அங்கே வந்து தலைமைப் பயிற்சி பெற்று, தம் தம் ஊருக்கே திரும்பியிருக்கிறார்கள். 2011-இல் பெண்களின் தலைமைக்கென்றே அங்கு ஒரு தனி மையமும் திறக்கப்பட்டது.