காடவர்கோன் கோப்பெருஞ்சிங்கன்

தில்லைக் கிழக்குக் கோபுர வாயிலில் நுழைவோர், இருமருங்கும் கல்லில் நின்றாடும் 108 கரணங்களைக் கண்டு வியப்பர். அக்கோபுரத்தை எடுத்தவன் யாரெனக் கேட்போர் சிலரே. நம் சிப்காட் வழியே தெற்கு நோக்கிச் செல்லும் சாலை அவன் புகழுக்குச் சான்றான அத்தில்லைக்கு நம்மை இட்டுச் செல்கிறது. கெடிலக் கரையிலுள்ள திருவகீந்திரபுரமோ அவன் குலத்தின் பெரும்பழியைத் தன் கல்வெட்டில் சுமந்து நிற்கிறது.

பல்லவர் வழிவந்தோர் எனத் தம்மைக் கூறிக்கொண்ட காடவர்கள், திருமுனைப்பாடி நாட்டுக் கூடலைத் தம் ஊராகக் கொண்டு, தலைமுறை பல சோழர்க்கு அடங்கிய குறுநிலத் தலைவராய் வாழ்ந்தனர். மூன்றாம் குலோத்துங்கனின் இறுதிக் காலத்தில் மாறவர்மன் சுந்தரபாண்டியன் தஞ்சையையும் உறந்தையையும் எரியூட்டியபோது பேரரசின் வேர் ஆட்டங்கண்டது. பின்வந்த மூன்றாம் இராசராசன் பாண்டியனிடம் தோற்று வடக்கே ஓடினான். 1231இல் தெள்ளாற்றில் அவனை வென்று, சேந்தமங்கலக் கோட்டையில் சிறைவைத்தான் கோப்பெருஞ்சிங்கன். முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஓங்கியிருந்த ஒரு குலத்தின் மணிமுடி, தன் குறுநிலத் தலைவனின் காவலில் கிடந்தது!

போசள வேந்தன் இரண்டாம் நரசிம்மன், தண்டநாயகர் அப்பண்ணனையும் சமுத்திர கொப்பையனையும் அனுப்பினான். அவர்கள் பொன்னம்பலத்தை வழிபட்டு, திருப்பாதிரிப்புலியூரில் பாசறை அமைத்து, திருவதிகை முதலான ஊர்களை அழித்தனர்; பெண்டிரைக் கவர்ந்தனர். சோழன் மீட்கப்பட்டு அரியணை ஏறினான். இவற்றையெல்லாம் வெற்றிச் செயல்களாகவே திருவகீந்திரபுரக் கல்வெட்டு உரைக்கிறது. அரசர் மூவரின் பகையில் எரிந்தவை நம் கெடிலக் கரை ஊர்களே என்பதை நாம் மறத்தலாகாது.

சோழனைச் சிறைவைத்தவன் தந்தை, 1243இல் முடிபுனைந்தவன் மகன் என்பது ஆய்வாளர் பலர் கருத்து. இருவரும் ஒருவரே என்பாரும் உளர். பெயர் ஒன்றே, வேட்கையும் ஒன்றே. முடிபுனைந்தவன் சகலபுவன சக்கரவர்த்தி எனப் பட்டம் சூடினான். கோதாவரிப் பகுதியின் திராட்சாராமம் வரை அவன் கல்வெட்டுகள் காணப்படுகின்றன. பகைவரிடம் பெற்ற பொருளால் தில்லைக் கிழக்குக் கோபுரத்தை எடுத்தான் என்று ஆந்திர நாட்டுத் திரிபுராந்தகக் கல்வெட்டு கூறும். தெற்குக் கோபுரம் சொக்கச்சீயன் என்னும் காடவர் விருதுப்பெயரைத் தாங்கியது. பரதக் கலையில் வல்லவன் என்றும் செந்தமிழைப் பேண வந்தவன் என்றும் அவன் போற்றப்பட்டான். தெள்ளாற்று வெற்றியோ வயலூர்ப் பாறையில் தமிழ்ப் பாட்டாகவே பொறிக்கப்பட்டது.

அந்த ஏற்றமும் நெடிது நிலைக்கவில்லை. சடையவர்மன் சுந்தரபாண்டியன் சேந்தமங்கலத்தை முற்றுகையிட்டுச் செல்வத்தைக் கவர்ந்து, பின் நாட்டை அவனுக்கே அளித்தான். காடவன் பாண்டியர்க்கு அடங்கி வாழ்ந்தான். அவனுடைய கல்வெட்டுகளும் இறுதிச் சோழன் மூன்றாம் இராசேந்திரனின் கல்வெட்டுகளும் 1279ஆம் ஆண்டோடு நின்றுவிடுகின்றன. சிறைவைத்த குலமும் சிறைப்பட்ட குலமும் ஒருசேர மறைந்தன.

கடல் கடந்தும் அந்நூற்றாண்டு இதே பாடத்தைப் புகட்டியது. பைசாந்தியம் என்னும் கிறித்தவப் பேரரசின் தலைநகர் கான்சுடான்டிநோபிளை 1204இல் சூறையாடியோர் கிறித்தவச் சிலுவைப் போர் வீரர்களே. 1261இல் நகர் மீண்டது. பழைய வலிமை மீளவில்லை. 1453இல் துருக்கியரிடம் அது வீழ்ந்தது. தம்மவர் கையால் உடைந்த அரணைப் பிறர் கடப்பது எளிதாயிற்று.

கவிஞர்களே, ஒரே நிகழ்ச்சியை வயலூர்ப் பாட்டு புகழாக்கிற்று. திருவகீந்திரபுரக் கல்வெட்டு பழியாக்கிற்று. எரிந்த ஊர்களின் துயரைப் பாட எக்கல்லிலும் இடமில்லை. வென்றோர்க்கும் தோற்றோர்க்கும் சொல் கிடைத்துவிட்டது. எஞ்சியோர்க்குச் சொல் தருவது நம் கடன். தில்லைக் கோபுரத்தை வணங்கும் நம் கண்கள், கெடிலக் கரையையும் ஒருமுறை திரும்பிப் பார்க்கட்டும்.