கஸ்தூரிபாய் கேட்ட கொப்பி

பெரியோர் வாழ்க்கையைப் பாடசாலை மலர்களில் எழுதும்போது, அவர்கள் இளமையில் பெற்ற பரிசுகளையும் பட்டங்களையும் முதலில் சொல்வது வழக்கம். அன்னை கஸ்தூரிபாயின் வாழ்க்கையில் அப்படிச் சொல்ல எதுவும் இல்லை. அவர் எழுத்தறியாமலே மணமகளானவர். ஆனால் எழுபது வயதைத் தாண்டிய பிறகு, சிறைக்காவலில் இருந்துகொண்டு, எழுத்தும் பூமிசாத்திரமும் படித்தவர். நூறு ஆண்டுகளாகப் பெண்பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்த பாடசாலையின் மலரில் அவர் கதைக்கு இடம் உண்டு என்று நினைக்கிறோம்.

அவர் நமது நாட்டுக்கும் வந்தவர். 1927 நவம்பரில் காந்தியடிகள் கதர் நிதி திரட்ட இலங்கைக்கு வந்தபோது கஸ்தூரிபாயும் உடன் வந்தார். அந்தப் பயணத்தில் காந்தியடிகள் பதுளையிலும் பேசினார். பதுளைக்குப் புகையிரதம் வந்து அப்போது மூன்று வருடங்களே ஆகியிருந்தன. பசறையிலும் தெமோதரையிலும் ஹாலிஎலவிலும் அந்நாளில் கொழுந்து பறித்த நமது பாட்டிமாரில் பெரும்பாலோர் எழுத்தறியாதவர்கள். கையெழுத்துக்குப் பதிலாகப் பெருவிரலைப் பதித்தவர்கள். அந்த வகையில் கஸ்தூரிபாய் அவர்களுக்கு ஒரு சகோதரி.

1869இல் குஜராத்தின் போர்பந்தரில் ஒரு வணிகர் குடும்பத்தில் பிறந்தார். 13 வயதில் அதே வயதுடைய மோகனதாஸ் காந்திக்கு மனைவியானார். மனைவிக்கு எழுதப்படிக்கக் கற்பிக்க வேண்டும் என்று காந்திக்கு ஆசை. ஆனால் கூட்டுக் குடும்பத்தில் பகலில் கணவனும் மனைவியும் சேர்ந்து உட்காரவே முடியாது. இரவிலோ இளம் கணவனுக்குப் பாடத்தில் மனம் நிற்கவில்லை. பின்னாளில் வீட்டு ஆசிரியர்களை வைத்துப் பார்த்தும் பலன் இல்லை. இந்தத் தோல்வியைக் காந்தியடிகள் தமது சுயசரிதையில் தம்மேல் போட்டுக்கொண்டு எழுதியிருக்கிறார். எளிய குஜராத்தியைப் படித்து விளங்கிக்கொள்ளவும், சிரமப்பட்டு ஒரு கடிதம் எழுதவும் கஸ்தூரிபாய்க்குப் பிற்காலத்தில் முடிந்தது. அவ்வளவுதான்.

ஆனால் எழுத்து வராதவர் எதையும் கற்காதவர் அல்லர். 27 வயதில் தென்னாபிரிக்காவுக்குக் கப்பலேறியபோது, பாரிசிப் பெண்களைப்போலச் சேலை உடுக்கவும், காலுறையும் சப்பாத்தும் அணியவும், கத்தியும் முள்ளும் பிடித்துச் சாப்பிடவும் பழக வேண்டியிருந்தது. சப்பாத்து விரல்களை நெரித்துப் புண்ணாக்கியது. கணவருடைய கட்டளைக்காகப் பழகினார். சில வருடங்களில் அவருடைய நாகரிக மோகம் தீர்ந்தபோது, பழகியதையெல்லாம் விட்டுவிடவும் வேண்டியதாயிற்று.

44 வயதில் கற்றது அதைவிடக் கடினமானது. 1913 மார்ச்சில் தென்னாபிரிக்க நீதிமன்றம் ஒன்று, கிறிஸ்தவ முறைப்படி நடந்து பதிவாகாத திருமணங்கள் செல்லாது என்று பொருள்படத் தீர்ப்பளித்தது. சட்டத்தின் கண்ணில் இந்தியப் பெண்கள் மனைவியராக இல்லாது போயினர். செப்டெம்பரில் கஸ்தூரிபாயும் பீனிக்ஸ் ஆசிரமத்தாருமாக 16 பேர் அனுமதியின்றி டிரான்ஸ்வால் எல்லையைக் கடந்து கைதானார்கள். மூன்று மாதக் கடூழியச் சிறை. அதே மாரிட்ஸ்பர்க் சிறைக்குத் தமிழ்ப் பெண்களும் வந்து சேர்ந்தார்கள். நியூகாசில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரை வேலைநிறுத்தத்துக்கு எழுப்பிய பெண்கள் அவர்கள். அவர்களோடு போராடிச் சிறைசென்ற இளம்பெண் வள்ளியம்மை, விடுதலையான சில நாட்களில், 1914 பெப்ரவரி 22ஆம் திகதி காய்ச்சலால் இறந்தாள். அதுவரை வீட்டையே உலகமாகக் கொண்டிருந்த கஸ்தூரிபாய், சிறைசெல்லவும் பட்டினிக்கு அஞ்சாதிருக்கவும் அங்கேதான் பழகினார்.

1917இல் பீகாரின் சம்பாரண் கிராமங்களில் காந்தியடிகள் பாடசாலைகள் திறந்தார். கற்பிக்க வந்த பெண்களில் சிலருக்குக் குஜராத்தி மட்டுமே தெரியும். கஸ்தூரிபாய்க்கு அதிலும் எழுத்து அரிது. இலக்கணம் வேண்டாம், சுத்தமும் நல்லொழுக்கமும் கற்பித்தால் போதும் என்றார் காந்தியடிகள். பிதிஹர்வாவுக்கு அருகிலிருந்த ஒரு சிறு கிராமத்துப் பெண்களிடம் கஸ்தூரிபாய், ஏன் துணி துவைப்பதில்லை என்று கேட்டார். ஒருத்தி அவரைக் குடிசைக்குள் அழைத்துப்போய்க் காட்டினாள். பெட்டி இல்லை, மாற்றுத் துணி இல்லை. கட்டியிருந்த சேலை ஒன்றுதான் அவளுக்கு. சுத்தம் கற்பிக்கப் போனவர் வறுமையைக் கற்றுக்கொண்டு திரும்பினார். அதன் பின்னர், ஐம்பதை ஒட்டிய வயதில், இராட்டையில் நூல் நூற்கப் பழகினார். கடைசிவரை அதை விடவில்லை.

1942 ஓகஸ்டில் காந்தியடிகள் கைதானார். பம்பாய்க் கூட்டத்தில் அவருக்குப் பதிலாகப் பேசப் புறப்பட்ட கஸ்தூரிபாயையும் பிடித்து, பூனாவின் ஆகாகான் மாளிகைக்குக் கொண்டுவந்தார்கள். அங்கே காந்தியடிகள், அறுபது வருடங்களுக்கு முன் விட்ட பாடத்தை மறுபடி தொடங்கினார். குஜராத்தி வாசிப்பு, எழுத்து, இந்தியப் பூமிசாத்திரம். பஞ்சாப்பின் நதிகளின் பெயர்கள் அன்னைக்கு மனதில் நிற்கவில்லை. ஒருநாள் கேள்வி கேட்டபோது, கல்கத்தாவின் தலைநகர் லாகூர் என்று சொல்லிவிட்டார். ஆயினும் பாடத்துக்கு வந்து உட்கார்ந்தார்.

எழுதிப் பழக ஒரு கொப்பி வேண்டும் என்று கேட்டார். கையெழுத்துத் திருந்தட்டும், அதுவரை தனித் தாள்களில் எழுதினால் போதும் என்றார் காந்தியடிகள். சிக்கனம் அவருடைய விரதம்; அதில் பிழை காண்பதற்கில்லை. ஆனால் அன்னையின் மனம் புண்பட்டது. பிறகு கொப்பியைக் கொடுக்க வந்தபோது, தமக்கு எதற்குக் கொப்பி என்று அவர் வாங்க மறுத்துவிட்டார். 1944 பெப்ரவரி 22ஆம் திகதி, வள்ளியம்மை இறந்து சரியாக 30 வருடங்களுக்குப் பிறகு, அதே மாளிகையில் காலமானார். காந்தியடிகள் நூற்ற நூலில் நெய்த சேலையை உடுத்தித் தகனம் செய்தார்கள்.

நதிகளின் பெயர் மறந்ததை நாம் பெரிதாக எண்ணுவதில்லை. கொப்பிதான் நம்மைச் சிந்திக்க வைக்கிறது. சிறுபிள்ளை பள்ளிக்கு வருமுன்பே அதன் கையில் புதுக் கொப்பி இருக்கும். எழுத்து அழகானால் தருவோம் என்று எந்தத் தாயும் சொல்வதில்லை. வளர்ந்தவர் கற்க வரும்போது மாத்திரம், முதலில் தகுதியைக் காட்டு என்கிறோம். குடும்பம் நடத்தி, பிள்ளை வளர்த்து, சிறையும் கண்ட ஒருவர் மறுபடி அரிச்சுவடியில் வந்து உட்காருவதே பெரிய காரியம். அவருடைய நினைவாற்றல் சற்றுக் குறைந்திருக்கலாம், மானம் குறைந்திருக்காது. முதுமையில் கற்பதற்குத் தடை வயது மட்டுமல்ல, பக்கத்தில் இருப்பவர் காட்டும் பொறுமையின்மையும்தான்.

நமது சங்கத்து மாணவிகள் இன்று பதுளையிலும் பண்டாரவளையிலும் கொழும்பிலும் கடல் கடந்த நாடுகளிலும் இருக்கிறோம். நாற்பது வயதில் புதிய தேசத்தின் மொழியைப் பழகியவர்கள் நம்மில் உண்டு. ஐம்பதில் கார் ஓட்டக் கற்றவர்கள் உண்டு. பேரப்பிள்ளையிடம் கைபேசியைக் கேட்டுப் பழகுகிறவர்களும் உண்டு. பரிகாசத்துக்குப் பயந்து பாதியில் விட்டவர்களும் இருப்பார்கள். இன்றும் லயத்து வீடுகளில், வங்கிப் படிவத்தைப் பிறரிடம் நீட்டி நிரப்பச் சொல்லும் தாய்மார் இருக்கிறார்கள்.

இந்த நூற்றாண்டில் நாம் ஒவ்வொருவரும் அப்படியொருவருக்கு, அம்மாவோ மாமியாரோ அயல்வீட்டு அக்காவோ, ஏதேனும் ஒன்றைக் கற்பிப்போம். முதல் நாளே ஒரு புதுக் கொப்பியை வாங்கி, அதன் அட்டையில் அவர் பெயரை எழுதிக் கையில் கொடுத்துவிட்டுத் தொடங்குவோம். எழுத்துத் திருந்துவது பிறகு நடக்கட்டும்.