ஹக்ஸ்லி பண்டிதர்

உண்மை பதவியைச் சார்ந்து நிற்பதா, பிரமாணத்தைச் சார்ந்து நிற்பதா என்னும் கேள்வி எக்காலத்தும் எழுவது. இதற்குத் தமது உழைப்பாலேயே விடையளித்தவர் தாமஸ் ஹென்றி ஹக்ஸ்லி. பொதுவாழ்வில் ஈடுபட்டோர் அவருடைய சரித்திரத்தை அறிவது நலமென்று நாம் கருதுகிறோம்.

1825-ம் வருஷம் லண்டனை அடுத்த ஈலிங்கில் ஓர் உபாத்தியாயருக்கு மகனாகப் பிறந்தார். பள்ளியில் பயின்றது இரண்டே வருஷம். ஜெர்மன் பாஷையைத் தாமே கற்றார். உபகாரச் சம்பளம் பெற்று வைத்தியம் படித்தார். 1846-ல் 'ராட்டில்ஸ்னேக்' என்னும் கப்பலில் உதவி வைத்தியராகச் சென்று, ஆஸ்திரேலியக் கடல்களில் பிராணிகளை அறுத்து ஆராய்ந்தார். 1851-ல் ராயல் சொஸைட்டி அவரை அங்கத்தினராக ஏற்றது.

அக்காலத்தில் உடற்கூற்று சாஸ்திரத்தில் பெரும்புகழ் படைத்தவர் ரிச்சர்டு ஓவன். மனித மூளைக்கே உரிய உறுப்பொன்று உண்டு, ஆகவே மனிதன் குரங்கினின்றும் முற்றிலும் வேறான வகுப்பினன் என்று 1857-ல் அவர் சாதித்தார். ஹக்ஸ்லி வெறும் வாதத்தோடு நிற்கவில்லை. அவரும் அவர் நண்பர்களும் குரங்குகளின் மூளைகளை அறுத்து, அவ்வுறுப்பு அவற்றிலும் உண்டென்று நிரூபித்தனர். மனிதனுக்கும் கொரில்லாவுக்கும் உள்ள பேதத்தைவிடக் கொரில்லாவுக்கும் கீழ்க்குரங்குகளுக்கும் உள்ள பேதமே பெரிதென்று, கை, கால், பல், மண்டையோடு ஆகியவற்றை ஒப்பிட்டு 1863-ல் நூலொன்று வெளியிட்டார். அவ்விஷயத்தை 1861-லேயே லண்டன் தொழிலாளருக்கு எளிய நடையில் பிரசங்கித்திருந்தார். வித்தையைக் கனவான்களின் தனிச் சொத்தாக அவர் எண்ணியதில்லை.

1868-ல் இடுப்பெலும்பையும் காலெலும்பையும் ஒப்பிட்டு, பறவைகள் டைனோசர்களுக்கு நெருங்கிய உறவுடையவை என்றார். பின்வந்தோர் பலர் இதை மறுத்தனர். 1996-ல் சீனாவில் கிடைத்த, தூவி படிந்த டைனோசர்ப் படிவம் அவர் கொள்கைக்குப் பெருவலிமை தந்தது.

ஆயினும் குறையொன்றை நாம் மறைக்கலாகாது. அடிமைமுறை ஒழிந்ததை ஆதரித்து 1865-ல் எழுதிய அவரே, கறுப்பு மக்கள் அறிவில் வெள்ளையருக்கு நிகராகார் என்றும் அதில் எழுதினார். ஓவனின் கூற்றைக் கத்திகொண்டு சோதித்தவர், தம்மினத்தாரின் கர்வத்தைச் சோதியாது விட்டார்.

1895-ல் அவர் காலமானார். பெரியோர் சொன்னார் என்பதற்காக எதையும் ஏற்கலாகாது என்பதே அவர் காட்டிய நெறி. அந்நெறியை அவர்மீதும் செலுத்துவதே நாம் அவருக்குச் செய்யும் மரியாதையாகும்.