இரும்புக்கு இடம் தேடிய டாட்டா

பருத்தி ஓரிடத்தில் விளைகிறது. ஆலை வேறோரிடத்தில் இருக்கிறது. துணி வாங்குகிறவர் மற்றோரிடத்தில் வாழ்கிறார். இந்தத் தூரத்துக்கெல்லாம் கூலி கொடுத்தாக வேண்டும் அல்லவா? அந்தக் கணக்கைச் சரியாகப் போட்டுப் பார்த்தவர் ஜாம்ஷெட்ஜி டாட்டா.

குஜராத்தில் நவசாரி என்ற ஊரில், 1839-ம் ஆண்டு மார்ச் 3-ந் தேதி, பார்சிப் புரோகிதர் குடும்பத்தில் அவர் பிறந்தார். தகப்பனார் நசர்வான்ஜி குலத்தொழிலை விட்டுப் பம்பாயில் வியாபாரம் செய்து வந்தார். மகன் எல்பின்ஸ்டன் கல்லூரியில் படித்தார். பிறகு தகப்பனாருக்குத் துணையானார். 1868-ல் 21,000 ரூபாய் முதலில் சொந்த வியாபாரம் தொடங்கினார். மறு ஆண்டு, நொடித்துப்போன எண்ணெய் ஆலை ஒன்றை வாங்கிப் பஞ்சாலையாக மாற்றி, லாபத்துக்கு விற்றார்.

சதுப்பில் எழுந்த ஆலை

அந்நாளில் பஞ்சாலை என்றால் பம்பாய்தான். டாட்டாவோ நாகபுரிக்குப் போனார்! பருத்தி விளையும் சீமை அது. வரோரா நிலக்கரியும் பக்கம். துணி விற்கச் சந்தையும் உண்டு. ஆலைக்கு அவர் வாங்கியது சதுப்பு நிலம். தங்கத்தைக் கொண்டு பள்ளத்தை நிரப்பும் வேலை இது என்று கூறி, உள்ளூர் லேவாதேவிக்காரர் ஒருவர் கடன் தர மறுத்துவிட்டாராம். 1877-ம் ஆண்டு ஜனவரி 1-ந் தேதி, விக்டோரியா ராணி இந்தியாவின் சக்கரவர்த்தினியாகப் பிரகடனம் செய்யப்பட்ட அதே நாளில், எம்பிரஸ் மில் ஓடத் தொடங்கியது. கொட்டியது மண், எடுத்தது தங்கம் என்று அதே மனிதர் பின்னால் ஒப்புக்கொண்டாராம்.

பதினேழு ஆண்டுக் காத்திருப்பு

1882-ல் ஜெர்மன் நிபுணர் ஒருவரின் அறிக்கை டாட்டாவின் கைக்கு வந்தது. சாந்தா ஜில்லாவில் நல்ல இரும்புத் தாது இருக்கிறது என்றது அது. ஆனால் வரோரா கரி உலைக்கு உதவாது என்று சோதனையில் தெரிந்தது. சர்க்காரின் சுரங்க விதிகளோ கையைக் கட்டிப் போட்டன. 1899-ல் கர்சன் பிரபு காலத்தில் விதிகள் தளர்ந்தன. 1902-ல், அறுபதைத் தாண்டிய வயதில், டாட்டா அமெரிக்கா சென்று பெரின் என்ற எஞ்சினீயரைப் பிடித்தார். அவ்வாண்டே மகன் தோராப்ஜிக்கு ஒரு கடிதம் எழுதினார். எழும்பப் போகும் ஊரில் அகலமான வீதிகளும், நிழல் மரங்களும், விளையாட்டு மைதானங்களும், எல்லா மதத்தாருக்கும் வழிபாட்டு இடங்களும் வேண்டும் என்றார். ஊர் எங்கே என்பதே அப்போது தெரியாது!

1904-ம் ஆண்டு மே 19-ந் தேதி ஜெர்மனியில் அவர் காலமானார்.

இரு நதிகள் கூடும் இடம்

தோராப்ஜி தேடலை விடவில்லை. சாந்தாவில் தாது போதவில்லை. நாகபுரிக் காட்சிசாலையில் கண்ட படம் ஒன்று துர்க் ஜில்லாவைக் காட்டியது. அங்கே மலைமலையாகத் தாது! ஆனால் கரியும் நீரும் வசதியாக இல்லை. (1959-ல் உலை மூட்டிய பிலாய் ஆலைக்கு அந்த மலைகளே தாது தந்தன.) பிறகு பி. என். போஸ் என்ற பூகர்ப்ப சாஸ்திரியின் கடிதம் மயூர்பஞ்சுக்கு வழிகாட்டியது.

கடைசியில் கிடைத்தது சாக்சி என்ற சிற்றூர். தெற்கே மயூர்பஞ்சுத் தாது; வடக்கே ஜாரியா நிலக்கரி; சுவர்ணரேகா, கர்க்காய் நதிகள் கூடும் இடத்தில் தண்ணீர்; கல்கத்தாவுக்கு ரயில். 1907-ல் கம்பெனி பதிவாயிற்று. 1911 டிசம்பரில் முதல் இரும்பும், 1912 பிப்ரவரியில் முதல் உருக்கும் வெளிவந்தன. 1919-ல் சாக்சி ஜாம்ஷெட்பூர் ஆயிற்று.

அந்த உலையின் வெளிச்சத்தை ஜாம்ஷெட்ஜி காணவில்லை. ஆனால் எங்கே உலை வைப்பது என்று தேடக் கற்றுக்கொடுத்தவர் அவரே. ஊருக்கு அவர் பெயர் பொருத்தந்தானே!