பைலட்களை ஒன்று சேர்த்தவரை பைலட்களே ஏன் வெளியேற்றினார்கள்? டேவிட் பென்கியின் கதை

2025 டிசம்பரில் இண்டிகோ ஆயிரக்கணக்கான விமானங்களை ரத்து செய்தபோது, ஏர்போர்ட்டில் மாட்டிக்கொண்ட பலரும் முதல்முறையாக ஒரு விஷயத்தைக் கூகுள் செய்தார்கள்: ஒரு பைலட் எத்தனை மணி நேரம் பறக்கலாம்? புதிய ஓய்வு விதிகள் அமலுக்கு வந்ததும், ரோஸ்டர் போட பைலட்கள் போதவில்லை. இந்தியாவில் ஒரு பைலட்டுக்கு ஆண்டு உச்சவரம்பு 1,000 மணி நேரம்.

இப்படி ஒரு வரம்பு வேண்டும் என்று முதன்முதலில் போராடி வாங்கியவர்களில் முக்கியமானவர் அமெரிக்க பைலட் டேவிட் பென்கி. இறந்து 70 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. அவர் தொடங்கிய ஆல்பா என்ற விமான பைலட்கள் சங்கம் இன்று உலகின் மிகப்பெரிய பைலட் யூனியன். அந்தச் சங்கமே அவரைப் பதவியிலிருந்து இறக்கியது என்பதும் இந்தக் கதையில் உண்டு.

யார் இந்த பென்கி?

1897-ல் விஸ்கான்சின் மாநிலத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். பெரிய படிப்பு கிடையாது. ராணுவத்தில் சேர்ந்து விமானம் ஓட்டக் கற்றார். முதல் உலகப் போர் முடிந்ததும் ஊர் ஊராகப் போய் விமான சாகசம் காட்டிப் பிழைத்தார். 1926-ல் நார்த்வெஸ்ட் ஏர்வேஸின் முதல் பைலட்களில் ஒருவரானார். பிறகு போயிங் ஏர் டிரான்ஸ்போர்ட்டுக்கு மாறினார். அதுதான் பின்னாளில் யுனைடெட் ஏர்லைன்ஸில் இணைந்தது.

அந்தக் காலத்து வேலை எப்படிப்பட்டது என்பதற்கு ஒரு டேட்டா போதும். அமெரிக்க அஞ்சல் துறை விமானத் தபாலுக்கு முதலில் எடுத்த 40 பைலட்களில் 31 பேர் விபத்துகளில் இறந்தார்கள். சம்பளம் நன்றாக இருந்தது, ஆனால் வானிலை மோசம் என்று சொல்லி விமானத்தை எடுக்க மறுத்தால் வேலை போய்விடும். அதாவது சம்பளமும் உயிரும் ஒரே பேச்சுவார்த்தையின் இரண்டு பக்கங்கள். பென்கி கடைசிவரை இதை மறக்கவில்லை.

ரகசியமாகத் தொடங்கிய சங்கம்

1929 பொருளாதாரச் சரிவுக்குப் பிறகு விமான நிறுவனங்கள் சம்பளத்தில் கை வைத்தன. வெளியே வேலையில்லாத பைலட்கள் வரிசையில் நின்றார்கள். யூனியன் என்று வாயைத் திறந்தால் அன்றே கணக்கு முடித்துவிடுவார்கள். அதனால் பென்கி ஒவ்வொரு நிறுவனத்திலும் நம்பகமான ஓரிருவரை மட்டும் பிடித்து ரகசியமாகப் பேசினார்.

1931 ஜூலை 27 அன்று சிகாகோவில் ஒரு ஹோட்டலில் சங்கம் பிறந்தது. அதன் நிறுவன உறுப்பினர்கள் 24 பேர், தலைவர் பென்கி. சில வாரங்களிலேயே அமெரிக்கத் தொழிலாளர் கூட்டமைப்பில் சேர்ந்தார்கள். இது சின்ன முடிவு இல்லை. தங்களை ஹீரோக்களாக நினைத்துக்கொண்டிருந்த பைலட்கள், தாங்களும் தொழிலாளர்கள்தான் என்று ஒப்புக்கொண்ட இடம் அது.

அந்த ஒற்றுமைக்கு ஓர் எல்லையும் இருந்தது. சங்கத்தின் ஆரம்ப விதிகள் வெள்ளையர்களை மட்டுமே உறுப்பினர்களாக ஏற்றன. 1940-களில்தான் அந்த விதி போனது.

முதல் சோதனை

1932 பிப்ரவரியில் செஞ்சுரி ஏர்லைன்ஸ் முதலாளி இ.எல். கார்ட் பைலட்களின் சம்பளத்தைப் பாதிக்கும் கீழே வெட்டினார். ஏற்காதவர்களுக்குக் கதவை அடைத்தார், புதிய ஆட்களை எடுத்தார். வெளியே நின்றது இருபதுக்குக் கொஞ்சம் மேற்பட்ட பைலட்கள்தான்.

அவர்களை வைத்து மட்டும் கார்டை அசைக்க முடியாது என்று பென்கிக்குத் தெரிந்தது. அதனால் சண்டையை வாஷிங்டனுக்குக் கொண்டுபோனார். விமான நிறுவனங்களின் உயிர்நாடி அரசின் தபால் ஒப்பந்தம், கார்டும் அதற்குத்தான் குறி வைத்திருந்தார். நாடாளுமன்ற உறுப்பினர் லா கார்டியா பைலட்கள் பக்கம் நின்று பேசினார். அதே ஆண்டு கார்ட் அந்த நிறுவனத்தையே விற்றுவிட்டார். அங்கே போராடியவர்களுக்குப் பெரிதாக எதுவும் மிச்சமாகவில்லை. ஆனால் மற்ற நிறுவனங்களின் பைலட்களுக்கு சங்கத்தின் மீது நம்பிக்கை வந்தது.

மணி நேரமா, மைலா?

பென்கியின் மிகப்பெரிய வெற்றி ஒரு சம்பள ஃபார்முலா. 1933-ல் பெரிய நிறுவனங்கள் பறக்கும் தூரத்துக்குச் சம்பளம் தருவதை விட்டு, மணிக்கணக்கில் தர முடிவு செய்தன. கேட்க நியாயமாகத்தானே இருக்கிறது? ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம்.

1,200 கிலோமீட்டர் தூரம். மணிக்கு 160 கி.மீ. வேகத்தில் போகும் பழைய விமானத்தில் ஏழரை மணி நேரம். 240 கி.மீ. வேகத்தில் போகும் புதிய விமானத்தில் 5 மணி நேரம். மணிக்கு ஒரே ரேட் என்றால், அதே தூரத்துக்கு பைலட்டின் சம்பளம் மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. விட்ட காசைப் பிடிக்க வேண்டுமானால் அதிக மணி நேரம் பறக்க வேண்டும். புதிய டெக்னாலஜியின் லாபம் முழுக்க நிறுவனத்துக்கு, களைப்பு முழுக்க பைலட்டுக்கு. ஏஐ வந்த பிறகு நம் ஆபீஸ்களில் நடக்கும் பேச்சும் கிட்டத்தட்ட இதுதான்.

பைலட்கள் ஸ்டிரைக்குக்குத் தயாரானார்கள். பென்கி உடனே வேலைநிறுத்தத்தில் இறங்காமல், அந்த மிரட்டலைக் கையில் வைத்துக்கொண்டு ரூஸ்வெல்ட் அரசின் தேசியத் தொழிலாளர் வாரியத்திடம் போனார். 1934 மே மாதம் 83-ம் எண் தீர்ப்பு வந்தது. அடிப்படைச் சம்பளம், விமானத்தின் வேகத்தைப் பொறுத்த மணிக்கூலி, தூரத்துக்கான தொகை என மூன்றும் கலந்த ஃபார்முலா. கூடவே மாதத்துக்கு 85 மணி நேரம்தான் பறக்கலாம் என்ற வரம்பு. ஆண்டுக்குக் கணக்கிட்டால் 1,020 மணி. இன்று நம் நாட்டில் உள்ள வரம்புக்கு மிக அருகில்.

அதே ஆண்டு டிசம்பரில் சிகாகோ அருகே பென்கி ஓட்டிய யுனைடெட் விமானம் விழுந்து அவர் காயமடைந்தார். ஆபத்தைப் பற்றி அவர் பேசியது ஏட்டறிவு இல்லை.

1936-ல் ரயில்வே தொழிலாளர் சட்டம் விமானத் துறைக்கும் நீட்டிக்கப்பட்டது. 1938 விமானச் சட்டம் 83-ம் எண் தீர்ப்புக்குச் சட்ட பலம் கொடுத்தது. 1939-ல் அமெரிக்கன் ஏர்லைன்ஸுடன் முதல் எழுத்துபூர்வ ஒப்பந்தம். கவனியுங்கள்: சங்கம் தொடங்கி முதல் கான்ட்ராக்டுக்கு எட்டு வருஷம். முதலில் சட்டம், பிறகுதான் ஒப்பந்தம்.

அந்தச் சட்டத்தின்படி பைலட்கள் நினைத்த அன்று ஸ்டிரைக் போக முடியாது. பேச்சுவார்த்தை, மத்தியஸ்தம், 30 நாள் இடைவெளி எனப் படிப்படியாகத்தான் போக வேண்டும். மாதங்கள், சில சமயம் வருஷங்கள் ஆகும். அதுவரை ஆயிரக்கணக்கானவர்கள் ஒன்றாக நிற்க வேண்டும் என்பதுதான் கஷ்டமான பகுதி.

வெற்றியே பாரமான கதை

இரண்டாம் உலகப் போருக்குப் பின் பெரிய நான்கு இன்ஜின் விமானங்கள் வந்தன. அதிக பயணிகள், அதிக வேகம். பைலட்களின் எதிர்பார்ப்பும் ஏறியது. 1946 அக்டோபரில் டிடபிள்யூஏ பைலட்கள் சுமார் 25 நாள் வேலைநிறுத்தம் செய்து, விஷயத்தை நடுவர் தீர்ப்புக்குக் கொண்டுபோனார்கள். 1948-ல் நேஷனல் ஏர்லைன்ஸில் போராட்டம் பல மாதங்கள் இழுத்தது. நிறுவனம் மாற்று பைலட்களை வைத்து விமானங்களை ஓட்டியது.

இதற்கிடையில் சங்கம் பெரிதாகிவிட்டது. ஒவ்வொரு நிறுவனத்துடனும் தனித்தனி கான்ட்ராக்ட். பென்கியோ எல்லாவற்றையும் தானே பார்க்க வேண்டும் என்பவர். பொறுப்பைப் பிரித்துக் கொடுக்கத் தெரியவில்லை. ஃபைல்கள் தேங்கின, ஒப்பந்தங்கள் தாமதமாயின, உடம்பும் ஒத்துழைக்கவில்லை. மாதத்துக்கு இத்தனை மணி நேரம் என்பது போல இத்தனை மைல்தான் என்றும் வரம்பு வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். உறுப்பினர்களில் பலருக்கு அது நடக்காத காரியமாகத் தெரிந்தது. நல்ல சம்பளமும் சீக்கிரம் கையெழுத்தாகும் ஒப்பந்தமும்தான் அவர்களுக்கு வேண்டியிருந்தது.

1951-ல் சங்கம் அவரை நீக்கி கிளாரன்ஸ் சேயனைத் தலைவராக்கியது. பென்கி விடவில்லை, கோர்ட்டுக்குப் போனார், தோற்றார். 1953-ல் மாரடைப்பால் இறந்தார்.

இரு தரப்பையும் புரிந்துகொள்ள முடிகிறது. சங்கம் தனி ஒருவரின் சொத்து இல்லை என்று உறுப்பினர்கள் நினைத்தது சரிதான். விமானம் வேகமாகும்போது லாபம் யாருக்குப் போகிறது என்று பென்கி கேட்டதும் சரிதான். 1931-ல் எல்லோருக்கும் ஒரே பயம் இருந்தது, ஒற்றுமை அதிலிருந்து வந்தது. 1951-ல் அந்தப் பயத்தை அவரே பெருமளவு போக்கியிருந்தார். அதற்குப் பிறகு ஆளுக்கொரு எதிர்பார்ப்பு.

1963-ல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் பைலட்கள் ஆல்பாவை விட்டு வெளியேறித் தனிச் சங்கம் அமைத்தார்கள். பென்கி முதல் ஒப்பந்தம் போட்ட அதே நிறுவனம். இன்றுவரை அவர்கள் தனிச் சங்கம்தான். ஆனால் இரண்டு சங்கங்களும் பேச்சுவார்த்தைக்குப் போகும்போது, பின்பற்றுவது 1936-ல் கிடைத்த அதே சட்டத்தைத்தான்.