கோடரி போய் கத்தி வந்தது

1888ஆம் ஆண்டு சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் இயக்குநராக வந்தவர் ஹென்றி நிக்கலஸ் ரிட்லி. சட்டைப்பையில் ரப்பர் விதைகளோடு அலைந்ததால் தோட்ட முதலாளிகள் அவருக்குப் பைத்தியக்கார ரிட்லி என்று பட்டம் சூட்டினர்.

பிரேசில் காடுகளில் சிறு கோடரியால் கொத்திப் பால் எடுத்தார்கள். மரம் புண்ணாகி நலிந்தது. ரிட்லியோ பட்டையை மட்டும் மெல்லிசாகச் சீவி, அடுத்த முறை அதே வெட்டின் ஓரத்தையே சீவச் செய்தார். உள்மரத்தில் கத்தி படாவிட்டால் பட்டை மறுபடியும் வளரும். சொல்வது சுலபம்! கிள்ளான் பக்கத்துத் தோட்டத்தில் என் பாட்டி விடியுமுன் விளக்கு வெளிச்சத்தில் அதை மரம் மரமாகச் செய்தார். ரிட்லியின் வெற்றியில் பாதி அந்த மணிக்கட்டில் இருந்தது என்பேன்.

காப்பி விலை சரிந்ததும் சிலாங்கூர்த் தோட்டங்கள் ரப்பருக்கு மாறின. 1956இல் காலமானபோது ரிட்லிக்கு வயது நூறு.